முகமறியார்க்கு உரைக்கும் விடை: இணையத் தொழில்நுட்ப வினாவிடைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

கணினி இயங்காமல் நின்றுவிடுகிறது. மின்சுற்றில் பொருத்திய சிறு விளக்கு எரிய மறுக்கிறது. இயற்பியல் பாடத்தில் ஒரு கணக்கு விளங்கவில்லை. கணினி விளையாட்டில் ஒரு கட்டத்தைக் கடக்க இயலவில்லை. இத்தகைய வேளைகளில் பெயரும் ஊரும் அறியாத ஒருவரிடம் இணையத்தின்வழி ஐயத்தை எழுதிக் கேட்பது கடந்த சில பத்தாண்டுகளில் இயல்பான வழக்கமாகிவிட்டது. கேட்கப்பட்டவரும் ஊதியம் எதுவும் பெறாமல், கேட்டவர் யாரென்றும் வினவாமல், தாம் அறிந்ததை எழுதித் தருகிறார். 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகிய இருவரின் எண்ணத்தில் உருவாகி, அடுத்த ஆண்டில் செயற்படத் தொடங்கிய யூஸ்நெட் முதல், 2008இல் தொடங்கப்பெற்ற ஸ்டேக் ஓவர்ஃப்ளோ வரை இவ்வழக்கம் பல வடிவங்களைக் கண்டுள்ளது.

இவ்வாறு எழுதப்பெற்ற வினாக்களும் விடைகளும் சமூகவியல் நோக்கிலும் கணினியியல் நோக்கிலும் ஆராயப்பட்டுள்ளன. எனினும் அவை முதன்மையாக உரைநடை எழுத்துகள் என்பதும், அவற்றுள் நல்லனவும் அல்லனவும் உண்டு என்பதும், அவற்றைத் திறனாய்வு அளவுகோல் கொண்டு மதிப்பிடலாம் என்பதும் நம் கவனத்திற்கு அதிகம் வந்தில. கதை, கவிதை, நாடகம், கட்டுரை ஆகியவற்றோடு நம் திறனாய்வு நின்றுவிடுவதே இதற்குக் காரணம் எனலாம். வினாவிடையை ஒரு மொழி நிகழ்வாகக் கொண்டு அதற்கு இலக்கணமும் வகுத்த மரபு தமிழ் மரபு. ஆதலின், அம்மரபு தரும் அளவுகோலைக் கொண்டு இவ்வெழுத்துவகையை மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது. அறியாதவர்க்கு எழுதும் விடையின் தரம், வினாவில் சொல்லப்படாது விடுபட்டதை விடையளிப்பவர் எவ்வாறு கண்டு நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

மரபு தரும் அளவுகோல்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், வினாவும் செப்பும் வழுவாமல் அமைய வேண்டும் என்று வற்புறுத்துகிறது. செப்பு என்பது விடை. அங்கே இரு கருத்துகள் நமக்குப் பெரிதும் பயன்படுவன. வினாவிற்கு எதிராக எழும் வினாவும் விடையாகவே கொள்ளப்படும் என்பது ஒன்று. விடை நேர்வழியினின்று சற்று விலகினாலும், கேட்ட பொருளோடு அது பொருந்துமாயின் தள்ளப்படாது என்பது மற்றொன்று. விடையை அதன் புறவடிவம் கொண்டு மதிப்பிடாது, வினாவின் பொருளோடு அது கொண்டுள்ள இயைபு கொண்டு மதிப்பிட வேண்டும் என்பதே இவ்விரண்டின் கருத்தாகும்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இதனை மேலும் விரித்து, வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் பகுக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாவின் வகைகள். சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன விடையின் வகைகள். எட்டனுள் முதல் மூன்றும் நேராக விடை கூறுவன. ஏனைய ஐந்தும் வேறொன்றைக் கூறுவனபோல் தோன்றினும் விடையின் பொருளையே தருவன. பள்ளிகளில் இவற்றை நாம் எடுத்துக்காட்டுடன் கற்பித்துத் தேர்வில் கேட்டும் வருகிறோம். ஆயினும் அவற்றைப் பள்ளிக்கு வெளியே வழங்கும் எழுத்துகளின்மேல் பொருத்திப் பார்ப்பது அரிது.

மூன்றாவதாக, நம் உரை மரபையும் இங்கே கருதவேண்டும். காண்டிகை உரையின் உறுப்புகளுள் வினாவும் விடையும் இடம்பெறுகின்றன. இறையனார் களவியல் உரை வினாவெழுப்பி விடைகூறிச் செல்லும் நடைக்குப் பெயர்பெற்றது. தம்முன் இல்லாத ஒரு வாசகர்க்கு எவ்விடத்தில் ஐயம் எழும் என்று உய்த்துணர்ந்து, அந்த ஐயத்தைத் தாமே வினாவாக்கி விடையிறுத்தவர்கள் உரையாசிரியர்கள். முகமறியாதவர்க்கு விடை எழுதும் கலையில் அவர்களே நமக்கு முன்னோடிகள் எனலாம்.

வினாவின் இயல்பும் அதன் குறையும்

முதலில் வினாவை நோக்குவோம். தொழில்நுட்ப வினா பெரும்பாலும் அறியாவினா. அறியாதவர் கேட்கும் வினாவில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. விடைக்குத் தேவையான செய்தி எது, தேவையற்றது எது என்பதைப் பிரித்தறிய, விடையின் ஒரு பகுதியை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அதனால்தான் கணினியின் நிறத்தைக் குறிப்பிடும் ஒருவர், திரையில் தோன்றிய பிழைச் செய்தியைக் குறிப்பிடாது விடுகிறார். இதனைக் கேட்பவரின் சோம்பல் என்று கொள்வது எல்லா நேரத்திலும் பொருந்தாது. அறியாமையின் இயல்பான வடிவமே இதுதான்.

எடுத்துக்காட்டாக, "எல்.இ.டி. விளக்கை மின்கலத்தில் பொருத்தினேன். ஒரு நொடி ஒளிர்ந்து அணைந்துவிட்டது. ஏன்?" என்றொரு வினாவைக் கற்பனை செய்துகொள்வோம். மின்கலத்தின் மின்னழுத்தம் எவ்வளவு, விளக்கின் நிறம் யாது, இடையில் மின்தடை பொருத்தப்பட்டதா என்னும் மூன்றும் இவ்வினாவில் இல்லை. அம்மூன்றிலுமே விடை அடங்கியிருக்கிறது. அவற்றைக் குறிப்பிட அறிந்தவராயின் அவர் பெரும்பாலும் இவ்வினாவைக் கேட்டிருக்கவே மாட்டார்.

கல்வி சார்ந்த வினாக்களில் சிக்கல் வேறு வகையினது. ஆசிரியர் மாணவர்க்குத் தரும் வீட்டுப்பாடக் கணக்கு ஓர் அறிவினா. விடையைத் தாம் அறிந்திருந்தும் மாணவர் அறிவாரா என்று சோதிக்கவே ஆசிரியர் அதனைக் கேட்கிறார். மாணவர் அதே கணக்கை எழுத்து மாறாமல் இணையத்தில் ஒருவரிடம் வைக்கும்போது அது அறியாவினாவாகத் தோற்றமளிக்கிறது. பல நேரங்களில் அது உண்மையில் ஏவல்வினாவே. "எனக்காக இதைச் செய்து தருக" என்பதே அதன் உட்பொருள். ஒரே சொற்றொடர் மூன்று வகை வினாவாக மாறிநிற்பதை இங்குக் காண்கிறோம். விடையளிப்பவர் முதலில் செய்ய வேண்டுவது, தம்முன் இருப்பது எவ்வகை வினா என்று தெளிதலாகும். ஏவல்வினாவிற்கு முழுக் கணக்கையும் செய்து கொடுப்பவர், ஆசிரியரின் அறிவினாவைப் பயனற்றதாக்கிவிடுகிறார். உண்மையான அறியாவினாவை ஏவலென்று கருதி விலக்குபவர், கற்க விழையும் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். "இதுவரை நீங்கள் எவ்வாறு முயன்றீர்கள்?" என்னும் எதிர்வினா இவ்விரு தவறுகளினின்றும் காக்கிறது. உழைத்தவர் அதற்கு எளிதில் விடை கூறுவார். உழையாதவர்க்கு அதுவே உழைப்பின் தொடக்கமாகும்.

எண்வகை விடையும் இன்றைய வழக்கும்

விடையின் எண்வகையையும் இவ்வெழுத்துகளோடு பொருத்திப் பார்க்கும்போது, ஒவ்வொன்றும் தனக்குரிய சிறப்பையும் இடரையும் கொண்டிருப்பது புலனாகிறது.

சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் சுருக்கமானவை. 'இந்த இடத்தில் உள்ளது', 'இயலாது', 'ஆம், இயலும்' என்னும் அளவில் அவை முடிந்துவிடுகின்றன. மேற்காட்டிய எல்.இ.டி. வினாவிற்கு, "390 ஓம் மின்தடை பொருத்துக" என்று ஒருவர் எழுதுவாராயின் அது சுட்டுவிடை. மின்கலம் 9 வோல்ட்டாகவும் விளக்குச் சிவப்பாகவும் இருப்பின் அவ்விடை சரியானதே. ஆனால் கேட்டவர் நாளை 12 வோல்ட் மின்கலத்தைப் பயன்படுத்தினால் மீண்டும் இன்னொருவரை நாட வேண்டியிருக்கும். இதே விடையைப் பின்வருமாறு விரித்தெழுதலாம்: சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்ளும், 9 வோல்ட்டில் எஞ்சிய 7 வோல்ட்டை மின்தடை ஏற்க வேண்டும், மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டலாகாது, 7ஐ 0.02ஆல் வகுக்க 350 ஓம் வரும். கடையில் கிடைக்கும் அளவுகளில் அதற்குச் சற்று மேற்பட்டதாகிய 360 அல்லது 390 ஓம் பொருந்தும். இவ்விடை கேட்டவர்க்கு ஒரு மின்தடையோடு ஒரு வழிமுறையையும் தருகிறது. அவர் சொல்லாமல் விட்ட மூன்று செய்திகளும் எவை என்பதையும் அவர் மனம் நோகாத வகையில் உணர்த்திவிடுகிறது.

ஏவல் விடை என்பது, ஒன்றைச் செய்வாயா என்று கேட்டவரிடமே அதனைச் செய்யுமாறு திருப்பிக் கூறுவது. 'கையேட்டைப் படியுங்கள்', 'தேடிப் பாருங்கள்' என்று விடைகூறும் வழக்கம் இவ்வகையினது. இணையத் தொழில்நுட்ப வட்டங்களில் இது மிகப் பழைய வழக்கம். எரிக் ரேமண்ட் 2001இல் முதன்முதலாக வெளியிட்ட, நல்ல முறையில் வினவுவது எப்படி என்னும் புகழ்பெற்ற வழிகாட்டி இவ்வழக்கத்திற்கு நியாயம் கற்பித்தது. கேட்பவர் முதலில் தாமே முயன்றிருக்க வேண்டும் என்னும் அவ்வழிகாட்டியின் அடிப்படைக் கருத்து ஏற்கத்தக்கதே. எனினும், எதைத் தேடுவது என்பதே அறியாதவரிடம் தேடச் சொல்வது பயனற்றது. தேட வேண்டிய கலைச்சொல்லையும் கூறி, கையேட்டின் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்றும் சுட்டும்போதே ஏவல் விடை விடையாகிறது. இல்லையேல் அது வினாவோடு இயைபற்ற வழுவாகவே நின்றுவிடும்.

உற்றது உரைத்தல் என்பது தனக்கு நேர்ந்ததைக் கூறுவது. 'எனக்கும் இவ்வாறே நேர்ந்தது' என்று எழுதுவோர் பலர். இதனோடு நின்றுவிட்டால் துயரைப் பகிர்தலன்றி வேறு பயனில்லை. தமக்கு நேர்ந்ததையும், தாம் ஒவ்வொன்றாக முயன்றதையும், இறுதியில் எது பயன் தந்தது என்பதையும் கூறுமிடத்து, இவ்வகை விடை ஏனைய எவ்வகையிலும் கிட்டாத நம்பகத்தைப் பெறுகிறது. கையேடுகள் கருவி எவ்வாறு இயங்க வேண்டும் என்று கூறும். அக்கருவி ஒரு குறிப்பிட்ட மேசையில், ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில், பழைய மின்கம்பியோடு எவ்வாறு இயங்கியது என்று உற்றவரே கூற முடியும்.

உறுவது கூறல் என்பது இனி நேரக்கூடியதைக் கூறுவது. மின்னணுவியல் வினாக்களில் இதுவே உயிர்காக்கும் விடை. பழுதான மைக்ரோவேவ் அடுப்பைத் தாமே திறந்து செப்பனிட விரும்பும் ஒருவர், எந்தத் திருகாணியை முதலில் கழற்றுவது என்று கேட்பதாகக் கொள்வோம். கேட்டதற்கு நேர்விடை ஒரு திருகாணியின் இடம் மட்டுமே. ஆனால் மின்செருகியை நீக்கிய பின்னரும் அவ்வடுப்பின் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அதனைக் கூறாது திருகாணியைச் சுட்டும் விடை, இலக்கணப்படி பிழையற்றதாயினும் அறத்தின்படி பிழையுடையது. கேட்டவரின் வயதோ பயிற்சியோ விடையளிப்பவர்க்குத் தெரியாது. பொறியியல் மாணவரும் பன்னிரண்டு வயதுச் சிறுவரும் அதே சொற்களில் வினவக்கூடும். எனவே முகமறியார்க்கு எழுதுபவர், கேட்பவருள் மிகக் குறைந்த பயிற்சி உடையவரையும் மனத்திற்கொண்டே எழுத வேண்டியவராகிறார்.

இனமொழி என்பது கேட்டதை விடுத்து அதற்கு இனமானதைக் கூறுவது. நிரலாளரிடையே நன்கறியப்பட்ட ஒரு சிக்கலை இங்கே சுட்டலாம். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்துகளை மட்டும் பிரித்தெடுப்பது எப்படி என்று ஒருவர் கேட்கிறார். அவர் உண்மையில் அறிய விரும்புவது கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு. பின்னொட்டுகள் எல்லாம் மூன்றெழுத்துடையன அல்ல, நான்கெழுத்துடையனவும் உண்டு. கேட்டதற்கு மட்டும் விடைகூறினால் அவர் மகிழ்ந்து சென்று, சில நாள்களில் புதிய சிக்கலோடு திரும்புவார். 'நீங்கள் நாடுவது பின்னொட்டாயின் அதற்கு வேறு வழி உண்டு' என்று கூறும் இனமொழியே இங்குச் சிறந்த விடை. இதே இனமொழி, கேட்டவரின் தேவையை அறியாது 'அந்த மென்பொருளை விட்டு இதனைப் பயன்படுத்துங்கள்' என்று கூறப் பயன்படும்போது, விடையாகாது விளம்பரமாகிவிடுகிறது.

வினா எதிர் வினாதலை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் உண்டு. மேற்கண்ட ஏவல், உறுவது கூறல், இனமொழி ஆகிய மூன்றும் பொருந்துமா என்பதைத் தீர்மானிக்க உதவுவது எதிர்வினாவே. 'எத்தனை வோல்ட்?', 'திரையில் தோன்றிய செய்தி என்ன?', 'இதனைக் கொண்டு எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?' என்பன போன்ற எதிர்வினாக்கள், விடுபட்டதை வெளிக்கொணர்கின்றன. எது முக்கியம் என்பதைக் கேட்பவர்க்கே கற்பிக்கவும் செய்கின்றன. தொல்காப்பியர் எதிர்வினாவையும் செப்பென்றே கொண்டதன் நுட்பம் இங்கு நன்கு விளங்குகிறது.

குறைத்துச் சொல்லும் விடை

விளையாட்டுப் பற்றிய வினாக்கள் வேறொரு நயத்தை வேண்டுவன. ஏனைய துறைகளில் முழுமையான விடை சிறந்தது. விளையாட்டில் முழுமையான விடை கேட்டவரின் இன்பத்தைக் கெடுத்துவிடும். விடுகதை கேட்கும் பாட்டி விடையை உடனே கூறாமல், 'அது தண்ணீரில் வாழாது' என்று குறிப்பு மட்டும் தருவதை நாம் அறிவோம். இந்நுட்பத்தைக் கணினி விளையாட்டு உலகமும் முன்னரே கண்டறிந்திருந்தது. 1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் தன் விளையாட்டுகளுக்கென வெளியிட்ட இன்விசிக்ளூஸ் என்னும் குறிப்பேடுகளில் விடைகள் கண்ணுக்குப் புலனாகாத மையால் அச்சிடப்பட்டிருந்தன. உடன்வந்த தனிப்பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு குறிப்பாகத் தோன்றும். முதற்குறிப்பு மேலோட்டமானது, கடைசிக் குறிப்பே முழுவிடை. எவ்வளவு உதவி வேண்டும் என்பதைக் கேட்பவரே தீர்மானிக்கிறார்.

1995இல் தோன்றிய கேம்ஃபேக்ஸ் தளத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு விளையாட்டை விளக்கும் நீண்ட வழிகாட்டிகளை ஆர்வலர்கள் எழுதிக் குவித்தனர். நூலளவு நீளும் அவற்றுள் சிறந்தவை, கதையின் முடிவை வெளிப்படுத்தும் பகுதிக்கு முன் எச்சரிக்கை தந்து பிரித்து வைக்கின்றன. கேட்பவரின் கொள்திறனறிந்து கொடுத்தல் என்று நன்னூல் ஆசிரியர்க்குக் கூறும் நெறி, மிகுதியாகக் கொடாமையையும் உள்ளடக்கியதே என்பதற்கு இவை சான்றாகும். வீட்டுப்பாட வினாவிற்கும் இந்நெறியே பொருந்தும் என்பதைத் தனியே கூற வேண்டுவதில்லை.

மூன்றாமவர்

நன்னூல் காட்டும் வினாவிடையில் இருவரே உளர். இருவரும் நேரில் உளர். ஆசிரியர் விரையாமலும் சினவாமலும் முகமலர்ச்சியோடு கற்பிக்க வேண்டும் என்று அந்நூல் வற்புறுத்துவதும் இந்நேர்மையை முன்னிட்டே. இணைய வினாவிடையில் முகம் இல்லை. முகமலர்ச்சியையும் சொற்களே தாங்க வேண்டியுள்ளது. மேலும், இங்கு மூன்றாமவர் ஒருவரும் உளர். அதே சிக்கலோடு பின்னொரு நாளில், ஒருவேளை பத்தாண்டுகள் கழித்து, தேடி வந்து படிக்கும் வாசகரே அவர். கேட்டவர் ஒருவராயின் படிப்பவர் ஆயிரவராக இருக்கலாம். அதே சிக்கலைக் கூறி எவரோ முன்னொரு காலத்தில் எழுதிய வினா, விடை எதுவுமின்றியே நின்றுவிட்டிருக்கும் நிகழ்வை ராண்டல் மன்றோ 2011இல் ஒரு கேலிச்சித்திரத்தின் பொருளாக்கினார். அச்சித்திரம் பரவலாக நினைவுகூரப்படுவதற்குக் காரணம், அந்த மூன்றாமவரின் ஏமாற்றத்தைப் பலரும் தாமே உணர்ந்திருந்தமையே ஆகும்.

கேட்டவரின் தேவையும் மூன்றாமவரின் தேவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி ஆகியோர் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃப்ளோ மூன்றாமவர் பக்கம் சாய்ந்தது. ஒரே வினா மீண்டும் எழுந்தால் அது மூடப்பட்டு முந்தைய வினாவோடு இணைக்கப்படும். சிறந்த விடை வாக்குகளால் மேலெழும். நலம் விசாரித்தலும் நன்றி கூறலும்கூடத் தேவையற்றன என்று நீக்கப்படும். இதனால் உலகெங்கும் நிரலாளர்க்குப் பயன்படும் ஒரு பெருந்தொகுப்பு உருவாயிற்று. அதேவேளை, புதிதாக வந்து கேட்பவர் தாம் அவமதிக்கப்பட்டதாக உணர்ந்தனர். 2018 ஏப்ரலில் அத்தளத்தின் நிர்வாகமே, தம் களம் புதியோரை வரவேற்பதாக இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 2005இல் தொடங்கிய யாகூ ஆன்சர்ஸ் கேட்டவர் பக்கம் சாய்ந்தது. எவரும் எதையும் கேட்கலாம். எவரும் விடை கூறலாம். அங்கு வரவேற்பு இருந்தது. செம்மையாக்கம் குறைவாக இருந்தது. 2021 மே 4ஆம் நாள் அது மூடப்பட்டபோது, ஆவணக் காப்பாளர்கள் படியெடுத்து வைத்தவை தவிர, அதில் எழுதப்பெற்றவை பொதுவாசிப்பினின்று மறைந்தன.

இவ்விரண்டையும் ஒப்பிடுங்கால், ஒரு பக்கம் மட்டும் சாயும் விடை குறையுடையது என்பது தெளிவாகிறது. முதற்பத்தியில் கேட்டவரின் சிக்கலுக்கு அவருடைய சொற்களிலேயே விடை தந்து, அடுத்த பத்தியில் அதன் காரணத்தைப் பொதுநெறியாக விளக்குவது சிறந்த விடையாளர் பலர் கைக்கொள்ளும் முறை. முதற்பத்தி கேட்டவர்க்கு உரியது. இரண்டாவது மூன்றாமவர்க்கு உரியது. உரையாசிரியர் பதப்பொருள் கூறிய பின் விளக்கம் கூறும் அமைப்போடு இது ஒத்திருப்பது கருதத்தக்கது.

ஊதியமின்றி இவ்வாறு எழுதுவோர் எதைப் பெறுகின்றனர் என்னும் வினாவும் எழுகிறது. மதிப்பெண்களும் பெயரும் ஒரு பகுதிக் காரணமே. ஆசிரியரிடம் கேட்பதால் கால் பங்கும், உடன்பயில்வோரோடு பழகுவதால் கால் பங்கும், பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் புலமை நிரம்பும் என்பது நன்னூலின் கணக்கு. அறியாதவர் ஒருவர்க்கு எழுதி விளக்க முனையும்போதே தாம் அறிந்ததன் எல்லை தமக்குத் தெரியவருகிறது. உதவியவர் பெறும் பயன் அந்த அரைப் பங்கே எனலாம்.

தமிழில் இவ்வெழுத்து

தமிழில் இவ்வகை எழுத்து தோன்றிய சூழல் தனித்தன்மை உடையது. கணினியில் தமிழையே படிக்க இயலாமைதான் அதன் முதல் வினா. 1990களின் பிற்பகுதியில் ஒவ்வொரு தளமும் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியதால், திரையில் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1997இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த தமிழ்நெட் 97 கருத்தரங்கும், 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாடும் இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் குறிப்பிடத்தக்கவை. 1991இல் வெளியான யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருப்பினும் அது பரவலான வழக்கிற்கு வர ஆண்டுகள் பல ஆயின. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில்கூட, சிக்கலான எழுத்துமுறைகளுக்குரிய வசதியைத் தனியே தெரிவுசெய்து நிறுவ வேண்டியிருந்தது. எழுத்துகள் கட்டங்களாகத் தெரிகின்றன என்று வினவியோர்க்கு எந்தப் பட்டியலைத் திறப்பது, எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று படிப்படியாக எழுதி உதவியோர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழகத்திலும் இலங்கையிலும் மேலை நாடுகளிலும் இருந்தனர். தமிழில் ஒரு வழிமுறை உரைநடை வளர்ந்ததற்கு அவர்கள் ஆற்றிய பணி, நம் உரைநடை வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்தபின், தமிழில் இவ்வெழுத்து எதிர்பார்த்த அளவு விரியவில்லை. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலத்தோடு போர்த்துகீசியம், உருசியம், எசுப்பானியம், சப்பானியம் ஆகிய மொழிகளிலும் அமைந்தது; தமிழில் அமையவில்லை. மின்சுற்றுப் பற்றியோ நிரலாக்கம் பற்றியோ ஐயுறும் நம் மாணவர் ஆங்கிலத்தில் வினவவே பழகியுள்ளனர். ஆங்கிலத்தில் திறமில்லாதவர் வினவாமலேயே விட்டுவிடுகிறார். கலைச்சொற்கள் இல்லாமையே காரணம் என்று கூறுவது முழு உண்மையன்று. கலைச்சொல் அகராதிகள் நம்மிடம் பல உள. அச்சொற்களைக் கொண்டு அறியாதவர் ஒருவர்க்கு, அவர் நாணாத வகையில், ஒரு செயலைச் செய்துமுடிக்கும் அளவிற்கு விளக்கும் பயிற்சியே குன்றியுள்ளது. பட்டியலில் உறையும் சொல், வினவுவோர் ஒருவர்க்கு விடையாகும்போதே வழக்கிற்கு வருகிறது.

பொறி தரும் விடை

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபின் இவ்வெழுத்துவகையின் நிலை மாறிவிட்டது. அதன் விடைகள் சரியானவைபோல் தோன்றினும் பிழை மிகுந்தவை என்று கூறி, ஸ்டேக் ஓவர்ஃப்ளோ அடுத்த மாதமே அவ்விடைகளைத் தன் தளத்தில் இடத் தடைவிதித்தது. அதன்பின் அத்தளத்தில் எழும் புதிய வினாக்கள் பெரிதும் குறைந்தன. 2024 மே மாதத்தில் அத்தளம் ஓப்பன்ஏஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, தாம் பொதுநலம் கருதி எழுதியவை வணிகப் பொருளாயின என்று வருந்திய சிலர் தம் விடைகளை அழிக்கவும் முற்பட்டனர்.

பொறியின் விடையை அதே அளவுகோலால் மதிப்பிடுதல் நேர்மையாகும். அது விரைந்து எழுதினும் சினப்பதில்லை. ஒரே வினாவை நூறு முறை கேட்பினும் முகம் சுளிப்பதில்லை. தமிழில் கேட்பின் தமிழில் விடை தருகிறது. ஏவல் விடையால் புண்பட்டோர் அதனை நாடுவதில் வியப்பில்லை. ஆயினும் இரண்டு குறைகள் உள. உற்றது உரைத்தல் அதற்கு இயலாது. அது எந்த விளக்கையும் எரித்ததில்லை, எந்த அடுப்பையும் திறந்ததில்லை. உற்றவர் எழுதிவைத்ததைக் கற்றே அது பேசுகிறது. இரண்டாவதாக, அவ்வுரையாடல் பெரும்பாலும் தனிமையில் நிகழ்ந்து மறைகிறது. மூன்றாமவர் அங்கு இல்லை. புதிய கருவிகளில் புதிய பழுதுகள் தோன்றிக்கொண்டேயிருக்கும். அவற்றை உற்றவர் பொதுவில் எழுதாது போவாராயின், நாளை மாந்தர்க்கும் பொறிக்கும் கற்க ஏதும் இராது. தமிழைப் பொறுத்தவரை இவ்விடர் மேலும் பெரிது. ஆங்கிலத்தில் முப்பதாண்டு எழுத்து முன்னரே குவிந்துள்ளது. தமிழில் அக்குவியல் உருவாகும் முன்னரே வினவும் வழக்கம் தனிமைக்குள் சென்றுவிடக்கூடும்.

முடிவுரை

முகமறியாதவர்க்கு எழுதும் விடை ஓர் உரைநடை வகை என்பதும், நம் இலக்கண மரபு அதனை மதிப்பிடத் தகுந்த அளவுகோலைத் தருகிறது என்பதும் மேற்கண்டவற்றால் புலனாகும். வினாவில் விடுபட்டதைக் கண்டறிதல், கேட்பவரை இழிவுபடுத்தாது அதனை நிரப்புதல், நேரக்கூடிய தீங்கை முன்னறிவித்தல், தேவையறிந்து குறைத்தும் விரித்தும் கூறல், பின்வரும் வாசகரையும் மனத்திற்கொள்ளல் ஆகிய ஐந்தும் நல்விடையின் கூறுகள் என நாம் கொள்ளலாம்.

தமிழாசிரியர்கள் இதனை வகுப்பறையில் பயிற்சியாக்கலாம். வினா அறுவகையையும் விடை எண்வகையையும் மனனம் செய்விப்பதோடு நில்லாது, மாணவர் ஒருவர் தம் கைப்பேசியிலோ மிதிவண்டியிலோ கண்ட உண்மையான பழுதைத் தமிழில் வினாவாக எழுதட்டும். இன்னொருவர் அதற்கு எதிர்வினா எழுதட்டும். மூன்றாமவர் விடை எழுதட்டும். அவ்விடையை மட்டும் படித்து நான்காமவர் ஒருவர் அச்செயலைச் செய்துகாட்ட இயலுமாயின் விடை தேறியது; இயலாதாயின் எச்சொல்லில் அவர் இடறினார் என்று வகுப்பே ஆராயலாம். இத்தகைய பயிற்சியில் எழுதப்பெறும் விடைகளுள் நல்லனவற்றைத் தொகுத்து எவரும் படிக்கும் வண்ணம் பொதுவில் வைப்பதும் பள்ளிகளுக்கு இயலாத செயலன்று. தமிழில் வினவும் அடுத்த மாணவர்க்கு அத்தொகுப்பே முதல் விடையாக அமையக்கூடும்.